பானையின் குளிர்ச்சி: மரக்கறியை இரண்டு நாள் கூடுதலாகக் காப்பது எப்படி?

மரக்கறி செய்யும் குடும்பங்களுக்கு விளைவிப்பது ஒரு பாடு. விளைந்ததை வாடாமல் காப்பது இன்னொரு பாடு. சொந்தக் காணியை விட்டு வந்து, உறவினரின் வளவிலோ, குத்தகைக்கு எடுத்த துண்டிலோ, கொட்டிலைச் சுற்றியுள்ள சிறு நிலத்திலோ தோட்டம் செய்பவர்களுக்கு இந்த இரண்டாவது பாடு மிகவும் கடினமானது. சந்தைக்கு ஏற்றிச் செல்ல வாகனம் இல்லை. குளிர்சாதனப்பெட்டி வாங்க வசதி இல்லை. காலையில் பறித்த பயிற்றங்காய் பிற்பகலில் துவண்டுவிடுகிறது. கீரை அதற்கு முன்பே தலைசாய்த்துவிடுகிறது.

இது வாங்க வரும் வியாபாரிக்கும் நன்றாகத் தெரியும். ஆகவே அவர் அவசரப்படுவதில்லை. வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து, "வாடின சாமான்" என்று சொல்லி அரை விலைக்குக் கேட்கிறார். நாமும் மனமில்லாமல் கொடுத்துவிடுகிறோம். ஏனெனில் நாளைக்கு அந்த விலையும் கிடைக்காது என்பது நமக்குத் தெரியும்.

இங்கே நம்மிடம் குறைவாக இருப்பது உழைப்பு அல்ல, நேரம். மரக்கறி இன்னும் இரண்டு நாள் பசுமையாக இருக்குமானால், "இந்த விலைக்கு இல்லை, நாளைக்கு நாங்களே சந்தைக்குக் கொண்டுபோகிறோம்" என்று சொல்லும் துணிவு நமக்கு வரும். அந்த இரண்டு நாளை மண்பானையும், மணலும், நீரும் சேர்ந்து எவ்வாறு தர முடியும், எப்போது தர முடியாது என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

1. குளிர் என்பது என்ன?

"பானைத் தண்ணீரில் குளிர் ஏறிவிட்டது" என்று நாம் சொல்வதுண்டு. உண்மையில் குளிர் என்ற ஒன்று வந்து ஏறுவதில்லை. பொருளில் இருந்த வெப்பம் வெளியேறுகிறது, அவ்வளவுதான். ஆகவே ஒரு பொருளைக் குளிரச் செய்ய வேண்டுமானால், "இதிலுள்ள வெப்பத்தை யார் எடுத்துக்கொண்டு போவார்கள்?" என்று கேட்க வேண்டும்.

ஊசி போடுவதற்கு முன் தாதி நமது கையில் ஸ்பிரிட் பூசும்போது அந்த இடம் சில்லென்று இருக்கிறது. ஸ்பிரிட் போத்தல் குளிர்சாதனப்பெட்டியில் இருந்ததல்ல, மேசைமேல் இருந்ததுதான். ஆனால் ஸ்பிரிட் விரைவாக ஆவியாகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது நமது தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வியர்த்த உடம்பில் காற்றுப் படும்போது ஏற்படும் சுகமும் இதே காரணத்தால்தான். வியர்வை ஆவியாகிப் போகும்போது உடம்பின் வெப்பத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது.

2. வெப்பத்தை எடுத்துச் செல்லும் மூன்று பொருட்கள்

குளிரூட்டுவதற்கு மக்கள் பயன்படுத்தும் மூன்று பொருட்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, ஐஸ் கட்டி. மீன்வாடிகளில் நாம் காண்பது. இது பூச்சிய பாகை செல்சியசில் உருகி நீராகிறது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம், 8 லீற்றர் நீரை 10 பாகை குளிரச் செய்யப் போதுமானது.

இரண்டாவது, உலர் பனிக்கட்டி. ஐஸ்கிறீமையும் சிலவகை மருந்துகளையும் தூர இடங்களுக்கு அனுப்பும் பெட்டிகளில் இதை வைப்பார்கள். இது நீரால் ஆனதல்ல. நாம் மூச்சாக வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயுவை உறையச் செய்து எடுத்தது. இதன் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 78 பாகைக்கும் அதிகம். இது உருகி ஈரமாவதில்லை. நேரே வாயுவாகிப் போய்விடும். அதனால்தான் 'உலர்' என்று பெயர். ஒரு கிலோ உலர் பனிக்கட்டி வாயுவாகும்போது எடுக்கும் வெப்பம், ஏறத்தாழ 13 லீற்றர் நீரை 10 பாகை குளிரச் செய்யும்.

மூன்றாவது, நமது கிணற்று நீர். ஒரு லீற்றர் நீர் முழுவதும் ஆவியாகும்போது எடுக்கும் வெப்பம், ஏறத்தாழ 58 லீற்றர் நீரை 10 பாகை குளிரச் செய்யும்!

வாசகர்களில் சிலர் வியப்படையலாம். அவ்வளவு கடுங்குளிரான உலர் பனிக்கட்டியைவிட வெறும் தண்ணீர் எப்படி நான்கு மடங்கு வெப்பத்தை எடுக்க முடியும்? ஆழமான கிணறெல்லாம் அதிக நீர் தரும் கிணறல்ல என்பது விவசாயிக்குத் தெரியும். எவ்வளவு ஆழம் என்பது ஒன்று. எவ்வளவு ஊற்று என்பது வேறொன்று. அதுபோல, ஒரு பொருள் எவ்வளவு குளிரானது என்பது ஒன்று. அது எவ்வளவு வெப்பத்தைச் சுமந்து செல்லும் என்பது வேறொன்று. உலர் பனிக்கட்டி மிக ஆழமான கிணறு. நீராவி மிக நல்ல ஊற்று.

ஐஸை ஆலையிலிருந்து வாங்க வேண்டும். உலர் பனிக்கட்டியை நம்மால் செய்யவே முடியாது. நீர் ஆவியாவதற்கோ காற்று மட்டும் போதும். பானையின் குளிர்ச்சி முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

உலர் பனிக்கட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெளியே வீசப்பட்ட ரெஜிபோம் பெட்டிகளில் இதன் துண்டுகள் எஞ்சியிருக்கக்கூடும். வெள்ளையாகப் புகைந்துகொண்டிருப்பதால் பிள்ளைகள் ஆசைப்பட்டு எடுப்பார்கள். வெறுங்கையால் தொட்டால் நெருப்புச் சுட்டதுபோல் தோல் புண்ணாகும். வாயில் வைத்தால் பேராபத்து. போத்தலிலோ இறுக மூடிய டப்பாவிலோ போட்டால், வாயு பெருகி அது வெடித்துச் சிதறும். ஒரு கிலோ துண்டிலிருந்து 500 லீற்றருக்கு மேல் வாயு வரும். அந்த வாயு காற்றைவிடப் பாரமானது. மூடிய அறையிலும், கண்ணாடி ஏற்றிய வாகனத்திலும், குழியிலும் தேங்கி மூச்சை அடைக்கும். அத்துண்டைக் கண்டால் தொடாமல், பிள்ளைகளை விலக்கி, காற்றோட்டமான வெளியில் அப்படியே விட்டுவிடுங்கள். அது தானாகவே மறைந்துவிடும்.

3. மரக்கறி ஏன் வாடுகிறது?

பறித்த பின்னும் காய்க்கு உயிர் உண்டு. அது மூச்சு விடுகிறது. தன்னிடமுள்ள சீனியையும் சத்தையும் சிறிது சிறிதாகச் செலவழிக்கிறது. வெப்பம் கூடினால் இந்தச் செலவும் கூடும். வெப்பம் குறைந்தால் செலவும் குறைந்து, காய் அதிக நாள் நிற்கும்.

இரண்டாவது காரணம் நீர் இழப்பு. மரக்கறியில் பெரும்பங்கு நீர்தான். செடியில் இருக்கும்வரை வேர் நீரைக் கொடுத்துக்கொண்டிருந்தது. பறித்த பின் கொடுப்பார் இல்லை. ஆனால் காற்று தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. பானையைக் குளிரச் செய்யும் அதே ஆவியாதல்தான் கீரையை வாடச் செய்கிறது.

இது தோற்றம் சம்பந்தப்பட்ட விடயம் மட்டுமல்ல. நிறை சம்பந்தப்பட்ட விடயமும் ஆகும். காலையில் 10 கிலோ இருந்த பயிற்றங்காய் மாலையில் 9 கிலோவாக நிறுத்தால், ஒரு கிலோவின் பணத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது என்பது பொருள். மீதி 9 கிலோவுக்கும் வாடிய விலைதான் கிடைக்கும். நட்டம் இரண்டு பக்கமும் வருகிறது.

ஆகவே நமக்கு வேண்டியது இரண்டு: சற்றுக் குறைந்த வெப்பம், மிகுந்த ஈரமுள்ள காற்று. ஈரமான மண்பானையின் உள்ளே இவை இரண்டும் கிடைக்கின்றன. காற்றுக்கு வேண்டிய நீரைப் பானை கொடுத்துவிடுவதால், காய் தன் நீரைக் கொடுக்க வேண்டியதில்லை.

4. பிற நாட்டார் செய்து கண்டது

ஆபிரிக்காவின் நைஜீரியா நாட்டில், ஜிகாவா மாநிலம் வறண்ட பிரதேசம். அங்கே முகமது பா அப்பா என்ற ஆசிரியர், பானை வனையும் குடும்பத்திலிருந்து வந்தவர், 1995ஆம் ஆண்டளவில் பழைய முறையொன்றைப் புதுப்பித்தார். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணலை நிரப்பி, மணலை ஈரமாக வைத்திருப்பதே அம்முறை. மூன்று நாளில் கெட்டுவந்த கத்தரிக்காய் 27 நாட்கள் வரை நின்றது. ஒரு நாளில் வாடும் கீரை 12 நாட்கள் நின்றது. இதற்காக 2000ஆம் ஆண்டு அவருக்கு ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. அந்த ஊர்களில் மரக்கறி கெடுமுன் விற்றுவரத் தினந்தோறும் பெண்பிள்ளைகளை அனுப்புவது வழக்கம். பானை வந்த பின் அந்த ஓட்டம் குறைந்து, அவர்கள் பாடசாலை செல்ல வழி பிறந்தது.

இந்தியாவில் புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவகம் 1980களின் தொடக்கத்தில் இதே தத்துவத்தைச் செங்கல்லில் செய்து காட்டியது. இரட்டைச் செங்கற் சுவர் கட்டி, இடையில் ஈர மணல் நிரப்பிய சிறு தொட்டி அது. மின்சாரம் இன்றி இயங்குவது. டில்லியின் வறண்ட கோடையில் தொட்டியின் உள்ளே வெளியைவிட 10 முதல் 15 பாகை வரை குறைவாக இருந்தது. உள்ளேயிருந்த காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 90 அளவில் நின்றது.

5. நமது காலநிலையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

நைஜீரியாவின் 27 நாட்களை நமது ஊரில் எதிர்பார்க்கக் கூடாது. காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டிருந்தால், அதனால் மேலும் நீரை எடுத்துக்கொள்ள முடியாது. நிரம்பிய சாக்கில் நெல் கொட்ட முடியாதல்லவா?

கணக்கு இப்படி வரும். பிற்பகல் வெப்பம் 34 பாகை, ஈரப்பதன் நூற்றுக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். ஆவியாதலால் அடையக்கூடிய எல்லை ஏறத்தாழ 25 அல்லது 26 பாகை. பானை அந்த எல்லைக்கு ஓரிரு பாகை மேலேதான் நிற்கும். அப்படியிருந்தும் ஆறு ஏழு பாகை இலாபம். ஆனால் வெப்பம் 30 பாகை, ஈரப்பதன் 80 என்றால், எல்லையே 27 பாகை. இலாபம் ஓரிரு பாகைதான்.

ஆகவே சோளகம், கச்சான் என்று நாம் சொல்லும் காற்றுகள் வீசும் மாதங்களில், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, பானை நன்றாக வேலை செய்யும். முக்கியமாக, மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வரும் கச்சான் காற்று வன்னியிலும் கிழக்கிலும் வறண்டு வீசுவதால், அது நமது தோட்டத்துக்குப் பகையானாலும் நமது பானைக்கு நண்பன். மாரி மழைக் காலத்தில் பானை குளிர்ச்சியைத் தராது. ஆனால் அப்போது மரக்கறி அவ்வளவு விரைவாக வாடுவதுமில்லை.

இதை அறிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு துணியை நனைத்துப் பிழிந்து நிழலில் காயப்போடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் காய்ந்தால் பானை நன்றாகக் குளிரும். பொழுது சாயும்வரை ஈரமாகவே இருந்தால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

6. இரட்டைப் பானை செய்யும் முறை

தேவையானவை: மினுக்கம் பூசாத பெரிய மண்பானை ஒன்று, அதற்குள் இறங்கக்கூடிய சிறிய பானை ஒன்று, கழுவிய ஆற்றுமணல், சணற்சாக்குத் துண்டு ஒன்று, மூன்று செங்கற்கள்.

பானையைத் தெரிவு செய்தல்: பெரிய பானையில் நீரை நிரப்பி வையுங்கள். சில மணித்தியாலங்களில் வெளிப்புறம் வியர்த்து ஈரமானால் அது நல்ல பானை. வியர்க்காத பானை குளிராது. கறி சமைத்து எண்ணெய் ஊறிய பானையும் உதவாது.

மணல்: கடற்கரை மணலைப் பயன்படுத்த வேண்டாம். அதிலுள்ள உப்பு பானையின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

செய்முறை: முதலில் பெரிய பானையின் அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்கு மணலைப் பரப்புங்கள். அதன்மேல் சிறிய பானையை வையுங்கள். இரண்டின் வாயும் ஒரே மட்டத்தில் வரவேண்டும். சுற்றிவர இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியில் மணலை நிரப்பி, மேலே சிறிது இடம் விடுங்கள். மணல் முழுவதும் நனையும்வரை மெதுவாக நீரை ஊற்றுங்கள். சாக்குத் துண்டை நனைத்துப் பிழிந்து வாயை மூடுங்கள். அன்று மாலைக்குள் உட்பானை குளிர்ந்துவிடும்; அதன்பின் மரக்கறியை இடலாம்.

வைக்கும் இடம்: இதில்தான் பலர் தவறுகிறார்கள். பொருள் களவு போகாமலிருக்கக் கொட்டிலின் உள்மூலையில் வைத்து மூடிவிடுகிறார்கள். காற்றுப் படாத பானை குளிராது. தகரக் கூரையின் கீழே வைத்தால் குளிருக்குப் பதிலாகச் சூடே ஏறும். வேப்பமர நிழலிலோ, கிடுகால் வேய்ந்த பத்தியிலோ, காற்று வரும் பக்கம் பார்த்து வையுங்கள். நிலத்தில் அல்லாது மூன்று செங்கல்லின்மேல் வைத்தால் அடியிலும் காற்று ஓடும்.

நீர்: காலையும் மாலையும் மணலுக்கு நீர் ஊற்ற வேண்டும். கச்சான் வீசும் நாட்களில் மதியமும் ஊற்றுங்கள். குடிநீர்தான் வேண்டுமென்பதில்லை, சவர்க்காரம் கலவாத எந்த நல்ல நீரும் போதும். உவர் நீரைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பவுசர் வரும்வரை குடத்துடன் வரிசையில் நிற்கும் இடங்களில், குடிக்கும் நீரைக் குறைத்துப் பானைக்கு ஊற்றுவது சரியல்ல. பிள்ளைகளின் தாகத்துக்குப் பின்னரே மரக்கறி.

பராமரிப்பு: நமது கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். சில மாதங்களில் பானையின் வெளியே வெள்ளைப் படை படியும். அப்போது மணலை எடுத்துவிட்டு, தும்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். மணலின்மேல் நீர் தேங்கி நிற்கவோ, பானைக்கு அடியில் தட்டு வைத்து நீரைச் சேர்க்கவோ கூடாது. அங்கே நுளம்பு பெருகினால், மரக்கறியைக் காக்கப்போய் டெங்குக் காய்ச்சலை வரவழைத்தவர்கள் ஆவோம்.

7. ஐந்தாறு குடும்பங்களுக்கு ஒரு தொட்டி

ஒரு பானையில் ஒரு குடும்பத்தின் சில கிலோ மரக்கறியையே வைக்கலாம். பல குடும்பங்கள் சேர்ந்து விற்பதானால் டில்லி முறையிலான செங்கற் தொட்டி பொருத்தமானது.

நிழலுள்ள, நீர் தேங்காத மேட்டில், கிணற்றுக்கு அருகே இடத்தைத் தெரிவு செய்யுங்கள். 165 சென்ரிமீற்றர் நீளமும் 115 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட தளத்தைச் செங்கல்லால் பரவுங்கள். அதன்மேல் இரட்டைச் சுவர் எழுப்புங்கள். இரு சுவர்களுக்கும் இடையே 7.5 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். சுவரின் உயரம் 67 சென்ரிமீற்றர் அளவு. இதற்கு ஏறத்தாழ 400 செங்கற்கள் தேவைப்படும். இடைவெளியில் கழுவிய மணலை நிரப்பி நனையுங்கள். மூடுவதற்கு மூங்கில் அல்லது தடிச் சட்டத்தில் சாக்கைக் கட்டி நனைத்துக்கொள்ளலாம். மேலே கிடுகுப் பந்தல் அவசியம். இத்தகைய தொட்டியில் ஏறத்தாழ 100 கிலோ வரை வைக்கலாம்.

சீமெந்து தேவையில்லை, களிமண் குழையலே போதும். இதில் நமக்கு ஒரு தனி நன்மையும் உண்டு. காணி திரும்பக் கிடைத்து ஊருக்குப் போகும் நாள் வந்தால், சுவரைப் பிரித்துச் செங்கற்களைக் கொண்டுபோய் அங்கே மீண்டும் கட்டிக்கொள்ளலாம். பிறருடைய காணியில் கட்டுவதானால் உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது பின்னால் மனத்தாங்கல் வராமல் தடுக்கும்.

தொட்டியைவிட முக்கியமானது ஒழுங்கு. யார் எந்த நாளில் நீர் ஊற்றுவது, யாருடைய பெட்டி எது, கெட்டதைத் தெரிந்து எறிவது யார் என்பவற்றை முதல் நாளே பேசி எழுதிவையுங்கள். "எல்லோரும் பார்ப்பார்கள்" என்று விட்ட தொட்டி மூன்றாம் நாள் காய்ந்துவிடும்.

8. எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

வைக்கத்தக்கவை: கீரை வகைகள், பொன்னாங்காணி, வல்லாரை, பயிற்றங்காய், வெண்டிக்காய், கத்தரிக்காய், பாகற்காய், தக்காளி, பச்சை மிளகாய், கறிமிளகாய், கரட், முருங்கைக்காய்.

வைக்கக் கூடாதவை: சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், பயறு, உழுந்து, விதைகள். இவற்றுக்கு வேண்டியது ஈரமல்ல, வறட்சி. வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் காற்றோட்டமாகத் தொங்கவிடும் நமது பழைய முறையே சரியானது. பூசணிக்காயும் உலர்ந்த இடத்திலேயே நிற்கும்.

பழுத்த வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி ஆகியவற்றை மரக்கறியுடன் ஒரே பானையில் இட வேண்டாம். பழுக்கும் பழத்திலிருந்து வெளிவரும் வாயு கீரையை மஞ்சளாக்கும்.

மீன், இறைச்சி, பால், சமைத்த சோறு, கறி ஆகியவற்றைப் பாதுகாக்க இந்தப் பானையை ஒருபோதும் நம்ப வேண்டாம். இவற்றைக் கெடுக்கும் கிருமிகள் பெருகாமலிருக்க 5 பாகைக்குக் கீழே குளிர் வேண்டும். நமது பானை 25 பாகையில் நிற்கிறது. கைக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் கிருமிக்கு அது நல்ல இளஞ்சூடு. குறிப்பாகக் குழந்தையின் பாலைக் கரைத்துப் பானையில் வைத்துவிட்டுப் பிறகு கொடுக்கும் பழக்கம் வயிற்றோட்டத்தில் முடியும்.

பறிக்கும்போது கவனிக்க வேண்டியவை: வெயில் ஏறுமுன் பறியுங்கள். பதினொரு மணிக்குப் பறித்த காய் தோட்டத்து வெப்பத்தையும் சேர்த்துப் பானைக்குள் கொண்டுவரும். காம்போடு பறியுங்கள். அடிபட்டதையும் புழு விழுந்ததையும் முதலிலேயே ஒதுக்குங்கள். ஈரமான பானைக்குள் ஓர் அழுகல் மற்றதையும் அழுக வைக்கும். காயைக் கழுவி ஈரத்தோடு இட வேண்டாம். இறுக அடுக்காமல் தளர்வாக இடுங்கள். நாள்தோறும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

9. இன்சுலின் போடுபவர்கள் உள்ள வீடுகளில்

நீரிழிவு நோய்க்கு இன்சுலின் ஊசி போடுபவர்கள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். மின்சாரம் இல்லாத கொட்டிலில் அந்த மருந்தை எங்கே வைப்பது என்பது அவர்களுக்குப் பெரிய கவலை. கடும் வெப்பத்தில் இன்சுலின் தன் வலுவை இழக்கும். உறைந்தாலும் கெட்டுவிடும்; ஆகவே ஐஸ் கட்டியின்மேல் நேரே வைப்பதும் பிழை.

கென்யாவின் டடாப் அகதி முகாமில் நிலவும் வெப்பநிலையை வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. வெப்பம் 25 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறி இறங்கிய நிலையிலும், நான்கு வாரங்கள் வரை இன்சுலின் தன் வலுவை இழக்கவில்லை என்று அதில் கண்டார்கள். வீட்டில் குளிர்சாதனப்பெட்டி இல்லாதவர்களுக்கு இது நம்பிக்கை தரும் செய்தி.

இப்படிப்பட்ட வீடுகளில் மண்பானை நல்ல துணை. மருந்துக் குப்பியை நீர் புகாத பொலித்தீன் பையில் இட்டு, மரக்கறி வைக்காத தனிப் பானையில், பிள்ளைகளுக்கு எட்டாதவாறு வையுங்கள். திறந்த திகதியைக் குப்பியில் எழுதுங்கள். ஆனால் எத்தனை நாள் வைக்கலாம் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டாம். மருந்துக்கு மருந்து அது வேறுபடும். கிளினிக்குக்குப் போகும்போது, "எங்களிடம் குளிர்சாதனப்பெட்டி இல்லை, பானையில்தான் வைக்கிறோம்" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். குறைந்த அளவாக அடிக்கடி தர முடியுமா என்றும் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

10. செய்து பார்ப்போம்

ஒருவர் சொன்னார் என்பதற்காக நம்ப வேண்டாம். ஒரே பாத்தியில் ஒரே நேரத்தில் பறித்த பயிற்றங்காயில் இரண்டு கிலோ எடுங்கள். ஒரு கிலோவைப் பானையிலும் மற்றொரு கிலோவை வழக்கம்போல் கடகத்திலும் வையுங்கள். அன்று மாலையும், மறுநாள் காலையும், மூன்றாம் நாள் காலையும் இரண்டையும் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டையும் ஒரே வியாபாரியிடம் காட்டி விலை கேளுங்கள். பானைக்கும் மணலுக்கும் செலவழித்த பணம் எத்தனை சந்தை நாளில் திரும்பி வரும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

உங்கள் குழுவில் கலந்துரையாடுவதற்குச் சில கேள்விகள்:

அ. நமது மரக்கறிக்கு ஒரு நாளில் எந்த நேரத்தில் நல்ல விலை? எந்த நேரத்தில் குறைந்த விலை? அந்த வித்தியாசத்துக்குக் காரணம் காய் வாடுவது மட்டும்தானா?

ஆ. இரண்டு நாள் அவகாசம் கிடைத்தால் நாம் எந்தச் சந்தைக்குச் செல்லலாம்? ஒரே வாகனத்தில் சேர்ந்து அனுப்ப முடியுமா?

இ. நமது பகுதியில் இப்போதும் பானை வனைபவர்கள் இருக்கிறார்களா? நமது தேவையைச் சொன்னால் அளவாக வனைந்து தருவார்களா?

ஈ. நமக்குக் கிடைக்கும் நீர் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் போக, பானைக்கும் போதுமா?

நிலமும் வீடும் பறிபோன பின்னரும் நமது கையில் தொழில் இருக்கிறது. தொழிலின் பலனை நல்ல விலைக்கு விற்பதற்கு அவகாசம் வேண்டும். பானை அந்த அவகாசத்தைத் தரும். அதைக் கொண்டு விலையைக் கேட்டுப் பெறுவது நாம் ஒன்றுசேர்ந்து செய்ய வேண்டிய வேலை.